தாத்தாவின் பேனா: அப்படியே வைப்பதா, எழுத வைப்பதா, விற்பதா?

மேசை இழுப்பறையின் அடியில், பழைய ரசீதுகளுக்கும் உடைந்த கண்ணாடிச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு பேனா கிடைக்கிறது. மூடியைத் திருகினால் அசைய மாட்டேன் என்கிறது. ஒருவழியாகத் திறந்தால், நிப்பின் மேல் மை காய்ந்து செதில் செதிலாக நிற்கிறது. அடுத்த ஐந்து நிமிடத்தில் ஏறக்குறைய எல்லோரும் இரண்டு காரியங்களைச் செய்வார்கள். பேனாவை ஒரு டம்ளர் வெந்நீரில் போடுவார்கள். அது ஊறுகிற நேரத்தில் கைபேசியில் பெயரைத் தட்டி, கண்ணில் பட்டதிலேயே பெரிய விலையைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள்.

நானும் அதைத்தான் செய்தேன். என் கையில் முதலில் சிக்கியது ஒரு கருப்பு எபோனைட் (இறுக்கிய ரப்பர்) பேனா. இரவில் தண்ணீரில் போட்டேன். காலையில் எடுத்தபோது குளத்துப் படிக்கட்டு மாதிரி பாசிப் பழுப்பாக இருந்தது. பதறிப்போய் பித்தளை துலக்கும் பசையை எடுத்துத் தேய்த்தேன். பழுப்பு ஓரளவு போனது. கூடவே, உடலில் ஏற்கெனவே மங்கியிருந்த எழுத்துப் பொறிப்பும் போனது. அது எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நிறத்தையும் பெயரையும் ஒரே நாளில் அழித்தாயிற்று.

அன்றிலிருந்து பழைய பேனா எது வந்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: இப்போது நான் செய்யப் போவதை நாளைக்குத் திரும்ப மாற்ற முடியுமா? முடியும் என்றால் தாராளமாகச் செய்யலாம். முடியாது என்றால் அது வரிசையில் கடைசிக்குப் போகட்டும். அப்படியே வைப்பது, எழுத வைப்பது, பளபளப்பாக்குவது, விற்பது என்று நம் முன்னால் இருக்கிற நான்கு வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் ஒப்பிடப் போகிறேன். அதற்கு முன்னால், கையில் இருப்பது என்னவென்று தெரிய வேண்டும்.

தானமாக வந்த மாடுதான், ஆனாலும் பல்லைப் பாருங்கள்

உடலில் இருக்கும் பொறிப்பிலிருந்து தொடங்குங்கள். நேர் வெளிச்சத்தில் அது தெரியாது. டார்ச்சை ஒரு பக்கமாகப் படுக்கை வாட்டில் பிடித்தால், தேய்ந்த எழுத்துகூட நிழல் விழுந்து எழும்பி வரும். அதை அப்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய பேனாவின் மதிப்பில் பெரும் பங்கு அந்த இரண்டு வரி எழுத்தில் இருக்கிறது.

பொறிப்பைப் படிப்பதில் ஒரு பொறி உண்டு. அதில் இருக்கும் ஆண்டு, பேனா செய்த ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. லூயிஸ் எட்சன் வாட்டர்மன் தன் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றது 1884 பிப்ரவரி 12 அன்று. அந்தத் தேதியை வாட்டர்மன் கம்பெனி அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பேனாக்களில் அச்சடித்துக்கொண்டே இருந்தது. ஆகவே 1884 என்று கண்டதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். காப்புரிமைத் தேதி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பேனா அதற்கு முன்னால் செய்ததில்லை.

வாட்டர்மன் என்றால் உடலின் அடி நுனியையும் பாருங்கள். அங்கே ஓர் எண் இருக்கும். 52 என்று இருந்தால், 5 என்பது பக்கவாட்டு லீவரால் மை நிரப்பும் முறையைக் குறிக்கும், 2 என்பது நிப்பின் அளவு. 42 என்றால் நிப்பு உள்ளே இறங்கிக்கொள்ளும் 'சேஃப்டி' பேனா. 452 என்று முன்னால் ஒரு 4 சேர்ந்தால் மேலே ஸ்டெர்லிங் வெள்ளி வேலைப்பாடு போர்த்தியது. 0552 என்றால் தங்கத் தகடு போர்த்தியது. இந்த எண்ணும் நிப்பின் மேல் இருக்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். 55 என்று எழுதிய உடலில் 2 என்று எழுதிய நிப்பு இருந்தால், இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

பார்க்கரில் இன்னொரு வசதி. 1930களின் நடுவிலிருந்து அமெரிக்காவில் செய்த பல பார்க்கர்களில் பொறிப்புக்குப் பக்கத்தில் ஒற்றை இலக்கம் இருக்கும், பல சமயம் சில புள்ளிகளோடு. இலக்கம் ஆண்டின் கடைசி எண், புள்ளிகள் அந்த ஆண்டின் எந்தக் காலாண்டு என்பதற்கு. பார்க்கரின் 'வாக்யூமேட்டிக்' மாடல் ஒன்றில் 6 என்று இருந்தால் 1936ஆ, 1946ஆ? பின்பக்கத்துச் சின்ன மூடியைத் திருகித் திறந்து, உள்ளே அழுத்தும் தண்டைப் பாருங்கள். அலுமினியம் என்றால் முந்தையது. பிளாஸ்டிக் என்றால் பிந்தையது, போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. தண்டு மட்டும் பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. இப்படி இரண்டு மூன்று சாட்சிகள் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் அடையாளம் காணும் வேலை முழுவதும்.

மை நிரப்பும் முறையே ஒரு நாட்காட்டி. சொட்டுக் குழாயால் மை ஊற்றுவது மிகப் பழைய முறை. உடலில் பிறை மாதிரி உலோகத் தகடு துருத்திக்கொண்டிருந்தால் அமெரிக்காவின் டோலிடோவில் செய்த கான்க்ளின் பேனாவாக இருக்கலாம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்க காலம். லண்டன் டி லா ரூ கம்பெனியின் ஓனோட்டோ பேனா 1905இல் இழுதண்டு முறையோடு வந்தது. வால்டர் ஷேஃபர் லீவருக்குக் காப்புரிமை வாங்கியது 1908. பெலிக்கனின் திருகு பிஸ்டன் 1929. ஷேஃபரின் ஸ்நார்க்கல், அதாவது நிப்புக்கு அடியிலிருந்து மெல்லிய குழாய் வெளியே வந்து மை உறிஞ்சும் அந்த விசித்திரம், 1952. மைக்குப்பிகளைச் செருகும் முறை பரவலானது 1950களில்தான். ஆகவே "1920களின் பேனா" என்று ஒருவர் சொல்லி, திறந்தால் பிளாஸ்டிக் குப்பி செருகும் வசதி இருந்தால், புன்னகைத்து நகர்ந்துவிடலாம்.

முத்திரைகளும் பேசும். பெலிக்கன் மூடியின் தலையில் தாய்ப் பறவையோடு எத்தனை குஞ்சுகள் என்று எண்ணுங்கள். நான்கு என்றால் 1938க்கு முன். இரண்டு என்றால் அதற்குப் பின். ஒன்றே ஒன்று என்றால் 2003க்குப் பிறகு வந்தது, பழைய பேனாவே இல்லை. ஷேஃபர் மூடியில் வெள்ளைப் புள்ளி இருந்தால், அது 1924இல் வந்த அடையாளம், ஆயுள் உத்தரவாத வரிசையைக் குறிப்பது, அந்தக் கம்பெனியின் மேல்தட்டுச் சரக்கு. மான்ட்பிளாங்க் நிப்பில் 4810 என்று இருப்பது மான்ட் பிளாங்க் சிகரத்தின் உயரம், மீட்டரில். அதை ஏதோ வரிசை எண் என்று நினைத்துத் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாம் மைப் பேனாவாக இருக்க வேண்டியதும் இல்லை. வெள்ளியில் செய்த திருகு பென்சில் கிடைத்தால் சாதாரணமாக எண்ணாதீர்கள். சாம்ப்சன் மோர்டனும் ஜான் ஐசக் ஹாக்கின்ஸும் 1822இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்கள். ஆங்கிலேய வெள்ளி முத்திரைகளில் நடக்கும் சிங்கம் இருந்தால் அது ஸ்டெர்லிங் வெள்ளி. ஆண்டைச் சொல்லும் எழுத்தும் பெரும்பாலும் கூடவே இருக்கும். பால்பாயிண்ட்டிலும் ஆரம்பக் காலத்துப் பேனாக்களைத் தேடுகிற ஆட்கள் உண்டு. நியூயார்க்கில் கிம்பெல்ஸ் கடையில் 1945 அக்டோபர் 29 அன்று ரெனால்ட்ஸ் பால்பாயிண்ட் விற்பனைக்கு வந்தபோது ஒன்றின் விலை 12.50 டாலர்.

பொருள் என்னவென்று தெரியும்வரை தண்ணீர் வேண்டாம்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகப் பேனாக்கள் இங்கேதான் சாகின்றன.

கட்டைவிரலால் உடலை வேகமாகத் தேய்த்துச் சூடாக்கி முகர்ந்து பாருங்கள். தீக்குச்சி உரசிய மாதிரி கந்தக வாடை வந்தால் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெளிச்சமும் ஈரமும் சேர்ந்தால் அது பழுப்பாகும். கற்பூர வாடை வந்தால் செல்லுலாய்டு என்னும் பழைய பிளாஸ்டிக். அதைச் செய்யும்போதே கற்பூரம் சேர்ப்பார்கள். சூடான ஊசியால் குத்திப் பார்க்கலாம் என்று சில பழைய கைக்குறிப்புகள் சொல்லும். செய்யாதீர்கள். கற்பூரம் எப்படிப் பற்றும் என்று நமக்குத் தெரியும், செல்லுலாய்டும் அப்படித்தான். மூன்றாவது கேசின், பால் புரதத்திலிருந்து செய்தது. பளிங்கு மாதிரி அழகான நிறங்களில் வரும், ஆங்கிலேயப் பேனாக்களில் அதிகம். தண்ணீரில் ஊறினால் உப்பி, வளைந்து, வெடிப்பு விடும். பார்க்கர் 51 மாதிரி லூசைட் (அக்ரிலிக் பிளாஸ்டிக்) உடம்புக்காரர்கள் மட்டும்தான் தண்ணீருக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை.

ஸ்பிரிட், நகப்பூச்சு நீக்கி, சானிடைசர் எதுவும் எந்தப் பேனாவின் பக்கமும் போகக் கூடாது. செல்லுலாய்டைக் கரைத்துவிடும்.

மதிப்பு எங்கே இருக்கிறது

பேனா விஷயத்தில் வயதுக்கு மரியாதை குறைவு. 1910இல் செய்த பெயர் தெரியாத பேனாவை யாரும் சீண்டாமல் இருக்கலாம். 1930களில் செய்த, நல்ல நிறம் கலையாத ஒன்றுக்கு நான்கு பேர் போட்டி போடுவார்கள். அபூர்வம் என்பதும் தனியாக நின்று விலை தராது, தேடுகிற ஆள் வேண்டும். பார்க்கர் 51ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1941இல் சந்தைக்கு வந்து 1972 வரை ஓடிய பேனா. கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. அருமையாக எழுதும். ஆனாலும் கருப்பு உடலும் எஃகு மூடியும் கொண்ட சாதாரண 51 எங்கு தேடினாலும் கிடைக்கும் என்பதால் விலை ஏறாது. அதே மாடலில் 'ப்ளம்' என்கிற கருநாவல் நிறம் வந்தால் சேகரிப்பாளர்கள் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள். எழுத்தில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அப்புறம் தங்கம். நிப்பில் 14K அல்லது 585 என்று இருந்தால் உண்மையான தங்கம்தான், நூற்றுக்கு 58.5 பங்கு. ஆனால் பெரும்பாலான நிப்புகள் ஒரு கிராம்கூட எடை இருக்காது. அதை உருக்கக் கொடுப்பது, வீணையை விறகு விலைக்குப் போடுவது போல. உரைகல்லில் உரசவும் விடாதீர்கள். எழுதும் நுனியில் இருப்பது தங்கமே இல்லை, பற்றவைத்த ஒரு சின்னக் கடின உலோகப் பொட்டு. அது போனால் நிப்பு போனது. மூடி, கிளிப் போன்றவற்றில் இருப்பது பெரும்பாலும் தகடு போர்த்தியதோ முலாமோதான். '1/10 14K' என்று பொறித்திருந்தால், அந்த உலோகத்தின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் 14 கேரட் தங்கம்.

நிலைமையைக் கணிக்க நான் குறைகளை இரண்டு கூடையில் போடுவேன். முதல் கூடை, சரிசெய்யக் கூடியவை: காய்ந்த மை, கல்லாகிப்போன ரப்பர் பை (உள்ளே மை நிற்பது அதில்தான்), இறுகிய லீவர், லேசாக வளைந்த நிப்பு, மங்கிய மேற்பரப்பு. இவற்றைப் பார்த்து விலையை அதிகம் குறைக்க வேண்டியதில்லை. விற்பவர் இவற்றை மறைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இரண்டாவது கூடை, திரும்பாதவை: தேய்ந்த பொறிப்பு, மூடியின் உதட்டில் மயிரிழை வெடிப்பு, நிறம் மாறிய செல்லுலாய்டு, நுனிப் பொட்டு இல்லாத நிப்பு, முலாம் தேய்ந்து பித்தளை தெரியும் கிளிப். நுனியை மறுபடி பற்றவைத்துத் தருகிறவர்கள் உண்டு, ஆனால் சாதாரணப் பேனாவுக்கு அந்தச் செலவு கட்டாது. மூடியின் உதட்டை மட்டும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்து, விளக்குக்கு எதிரே சுற்றிச் சுற்றிப் பாருங்கள். வாங்கும்போது நான் அதிகம் ஏமாந்தது அங்கேதான்.

உடலில் பெயர் பொறித்திருந்தால்? பொதுவாக விலை இறங்கும். அந்தப் பெயர் ஊரறிந்த ஒருவருடையது, அவர் பேனாதான் என்று கடிதமோ படமோ நிரூபிக்கும் என்றால் கதை தலைகீழ். ஆதாரம் இல்லாமல் வாய்வழிக் கதை மட்டும் இருந்தால், அது குடும்பத்துக்கு விலை மதிப்பற்றது, சந்தைக்கு வெறும் கீறல். பெட்டி, உத்தரவாதச் சீட்டு, கடைக்காரர் ஒட்டிய விலைத்தாள் இருந்தால் எதையும் பிரிக்காதீர்கள். அந்தத் தாளை 'அழுக்கு' என்று சுரண்டி எடுத்தவர்கள், பணத்தைச் சுரண்டி எடுத்தார்கள்.

சரி, எண்ணாக ஒரு விலை எப்படித் தெரிந்துகொள்வது? மூன்று வழிகள். இணையத்தில் கேட்கும் விலை எளிது, ஆனால் பயனில்லாதது, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். உண்மையில் விற்றுமுடிந்த விலைகளைப் பார்ப்பது இரண்டாவது வழி. ஏலத் தளங்களில் முடிந்த விற்பனைகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். அதிலும் ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே நிலைமை என்று பொருந்தும் நான்கைந்தை எடுத்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்கிவிடுங்கள். மூன்றாவது, பழைய பேனாவையே தொழிலாகக் கொண்ட ஒருவரிடம் காட்டுவது. அவரிடம் கேட்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மதிப்பு சொல்பவரே வாங்கவும் முன்வந்தால், இன்னொருவரிடமும் கேளுங்கள். கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் இரண்டு தொப்பியையும் ஒரே தலையில் போடுவது கஷ்டம். சாதாரணப் பேனாவுக்கு இரண்டாவது வழியே போதும். வெள்ளி வேலைப்பாடு, ஜப்பானிய மாகி-எ அரக்கு ஓவியம், மிகப் பெரிய அளவு, அடையாளமே பிடிபடாதது என்றால் மூன்றாவதுக்குப் போகலாம்.

பார்ப்பதற்கு ஒன்று போலவே இருப்பவையும் உண்டு. ஷாங்காயின் ஹீரோ, விங் சங் ஆகியவை பார்க்கர் 51 உருவத்தில் பேனாக்கள் செய்தன. அவை போலி என்று சொல்வது நியாயமில்லை, தங்கள் பெயரிலேயே விற்றவை, நன்றாகவும் எழுதும். தூரத்துப் படத்தில் பார்த்து பார்க்கர் விலை கொடுப்பதுதான் பிரச்சினை.

நான்கு வழிகளும் அவற்றின் கணக்கும்

அப்படியே வைப்பது செலவில்லாதது, திரும்ப மாற்றக் கூடியது, ஆகவே என் அளவுகோலில் முதலிடம். ஆனால் சும்மா விட்டால் சும்மா இருக்கும் என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பழைய ரப்பர் பை அழுகும்போது கந்தக வாயு கசியும். வெளிர் நிறச் செல்லுலாய்டு அதைக் குடித்து நிறம் மாறும். ஷேஃபரின் ஜேட் பச்சைப் பேனாக்களில் மூடி இன்னும் பச்சையாக, உடல் மட்டும் புகையிலை நிறத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர் பை இருந்தது உடலில், மூடியில் இல்லை, அவ்வளவுதான் காரணம். ஆகவே அப்படியே வைப்பவரும் மூன்று காரியம் செய்ய வேண்டும்: உலர்ந்த மென்துணியால் துடைத்து, வெளிச்சம் படாத உலர்ந்த இடத்தில் வைப்பது, எபோனைட்டையும் செல்லுலாய்டையும் ஒரே இறுக்கமான டப்பாவில் அடைக்காமல் இருப்பது, முடிந்தால் தெரிந்த ஒருவரை வைத்துப் பழைய பையை மட்டும் கழற்றிவிடுவது. ஊரறிந்தவர் பேனா, மாகி-எ, பெட்டியோடு கிடைத்த பயன்படுத்தாத பேனா என்றால் இந்த வழியைத் தாண்டிப் போகவே வேண்டாம்.

எழுத வைப்பது எனக்குப் பிடித்த வழி, இங்கே மனச்சாய்வு இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். இதில் எந்தப் பேனா என்பதைப் பொறுத்துக் கணக்கு முழுவதும் மாறும். லீவர் பேனா என்றால் தேவைப்படுவது ஒரு புதிய ரப்பர் பை, அதை ஒட்ட ஷெல்லாக் என்னும் அரக்குப் பசை, கொஞ்சம் பொறுமை. நிப்பு இருக்கும் கழுத்துப் பகுதியை உடலிலிருந்து பிரிப்பதுதான் ஆபத்தான கட்டம். ஹேர் டிரையரில் இளஞ்சூடு காட்டி, விரலால் தொட்டால் சுடாத அளவில் நிறுத்தி, மெல்ல அசைத்து, மறுபடி சூடு காட்டி, இப்படி அரை மணி நேரம்கூட ஆகும். குறடு எடுத்தவர் அழுவார். சில பேனாக்களில் கழுத்து திருகி வரும், சிலவற்றில் நேராக இழுக்க வேண்டும், எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். தீச்சுடர் பக்கமே போகக் கூடாது, காரணம் மேலே சொன்னதுதான்.

ஏன் ஷெல்லாக், ஏன் சூப்பர் குளூ கூடாது? ஷெல்லாக் ஒட்டினால் அடுத்த தலைமுறையில் ஒருவர் இளஞ்சூடு காட்டி மறுபடி பிரிக்கலாம். சூப்பர் குளூ போட்டால் அடுத்த முறை பிரிப்பவர் உடைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

வாக்யூமேட்டிக்கின் உள்சவ்வை மாற்றத் தனிக் கருவி வேண்டும். ஸ்நார்க்கலில் பிரித்தால் மேசை முழுக்கப் பாகங்கள். ஓனோட்டோவின் இழுதண்டு அடைப்பு, பழைய பெலிக்கனின் தக்கை அடைப்பு இவையெல்லாம் கைதேர்ந்தவர் வேலை. என் கணக்கு இப்படி: லீவர் பேனா, பெரிய மதிப்பில்லாதது என்றால் நீங்களே செய்து கற்றுக்கொள்ளுங்கள். பழகுவதற்கு எஸ்டர்ப்ரூக் ஜெ மாதிரி தோது எதுவும் இல்லை, நிப்பும் அதன் அடிப்பாகமும் ஒன்றாகத் திருகிக் கழன்று வரும், கெட்டாலும் பெரிய இழப்பில்லை. மதிப்புள்ளது அல்லது சிக்கலானது என்றால் பழுது பார்ப்பவரிடம் அனுப்புங்கள். அனுப்பும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எதை வைத்து ஒட்டுவீர்கள், பொறிப்பின் மேல் பாலிஷ் போடுவீர்களா? பதில் ஷெல்லாக், மாட்டேன் என்று வந்தால் நம்பலாம்.

எழுதத் தொடங்கியதும் மைக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், ஆனால் சாகசமும் வேண்டாம். ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க் உள்ளே போனால் இறுகி அடைத்துவிடும். மினுமினுப்புத் துகள் கலந்த மைகளும் இந்த வயதானவர்களுக்கு ஆகாது. சாதாரண நீலம் போதும்.

பளபளப்பாக்குவது பார்க்க அதிகம் ஆசை காட்டும் வழி, என் கணக்கில் கடைசி வழி. சுழலும் பாலிஷ் சக்கரத்தில் வைத்த பேனா புதுசு போலத் திரும்பி வரும், பொறிப்பும் ஓரங்களின் கூர்மையும் இல்லாமல். பழுத்த எபோனைட்டை மறுபடி கருப்பாக்க வழிகள் உண்டு. சேகரிப்பாளர்களிடையே அதற்கு இரண்டு கட்சிகள். மேற்பரப்பைத்தானே தொடுகிறோம் என்பார் ஒரு கட்சி. வரலாற்றை வண்ணம் அடித்து மறைக்கிறீர்கள் என்பார் மறு கட்சி. நான் இரண்டாவது கட்சிப் பக்கம் சாய்கிறேன், ஆனால் தன் சொந்தப் பேனாவைத் தனக்காக ஒருவர் கருப்பாக்கினால் சண்டைக்குப் போக மாட்டேன். விற்கும்போது சொல்லாமல் விட்டால்தான் அது ஏமாற்று. புது முலாம் பூசுவதற்கும் இதே பேச்சுதான். பாதுகாப்பான பளபளப்பு வேண்டும் என்றால், உலர்ந்த மென்துணியால் பத்து நிமிடம் தேயுங்கள், பொறிப்பை விட்டுவிட்டு. எவ்வளவு தூரம் வரும் என்று ஆச்சரியப்படுவீர்கள்.

விற்பதில் மூன்று வாசல்கள். வியாபாரியிடம் கொடுத்தால் அன்றே பணம், தொந்தரவில்லை. ஆனால் அவர் பழுது பார்க்க வேண்டும், வைத்திருந்து விற்க வேண்டும், லாபமும் பார்க்க வேண்டும். அதனால் விற்பனை விலையைவிடக் கணிசமாகக் குறைத்துத்தான் தருவார், அதில் தப்பும் இல்லை. ஒரே பேனா என்றால் இந்த வாசல் நஷ்டம். அறுபது பேனா கொண்ட சேகரிப்பை ஒருவர் விட்டுப் போயிருக்கிறார், உங்களுக்கு அதில் ஆர்வம் இல்லை என்றால் இதுதான் நிம்மதி.

ஏலம் அபூர்வமான பொருளுக்கான இடம். இரண்டு பேர் பிடிவாதமாக நின்றால் நீங்கள் நினைத்தே பார்க்காத விலைக்குப் போகும். விற்பவரிடம் ஒரு கழிவு, வாங்குபவரிடம் ஒரு கூடுதல் கட்டணம் என்று இரண்டு பக்கமும் ஏலக்கூடம் எடுக்கும். வாங்குபவரும் அந்தக் கட்டணத்தைக் கணக்கில் வைத்துத்தான் கேட்பார். சாதாரணப் பேனாவை அங்கே கொண்டுபோனால் பத்துப் பேனாவோடு ஒரு தட்டில் கொட்டி ஒரே விலைக்குத் தள்ளிவிடுவார்கள். பொது ஏலத்தைவிட, பேனாவுக்கென்றே தனி அமர்வு நடத்தும் இடம் நல்லது.

சேகரிப்பாளருக்கு நேரடியாக விற்றால் அதிகப் பணம், அதிக வேலை. பொறிப்பு, நிப்பின் மேற்புறம், அடிப்புறம், மூடியின் உதடு, மை நிரப்பும் பகுதி என்று ஏழெட்டுப் படம் வேண்டும். குறைகளை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மயிரிழை வெடிப்பைப் படம் பிடித்துப் போட்ட பேனா விலை கொஞ்சம் குறையும், ஆனால் திரும்பி வராது.

விற்கும் முன் பழுது பார்க்கலாமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. சாதாரணப் பேனா என்றால், நீங்களே செய்ய முடிந்தால் செய்யுங்கள், 'நன்றாக எழுதும்' என்ற வார்த்தைக்கு வாங்குபவர்கள் காசு கொடுப்பார்கள். பிறரிடம் கொடுத்துச் செய்தால் கூலியே ஏறிய விலையை விழுங்கிவிடும். அபூர்வமான பேனா என்றால் தொடவே தொடாதீர்கள். அதை வாங்குகிறவருக்குத் தனக்கு நம்பிக்கையான பழுது பார்ப்பவர் ஒருவர் இருப்பார், யாரோ பிரித்துப் பார்த்த பேனாவை அவர் இரண்டு முறை யோசிப்பார்.

என்னிடம் கேட்டால், வீட்டில் கிடைக்கும் பேனாக்களில் பெரும்பாலானவை எழுத வைக்க வேண்டியவைதான். விற்றால் வரும் பணம் அந்த மாதமே கரைந்துவிடும் அளவுக்குத்தான் இருக்கும். என் பழுப்புப் பேனாவுக்கும் பிறகு புது ரப்பர் பை போட்டேன். நிப்பு அதன் சொந்த நிப்பா என்றுகூடச் சொல்ல முடியாது, ஆனால் அழுத்தினால் விரிந்து, விட்டால் கூடி, கோடு தடித்து மெலிகிறது. இந்தக் கட்டுரையின் முதல் படியை அதில்தான் எழுதினேன்.

விற்பது என்றே முடிவெடுத்துத் தபாலில் அனுப்புகிறவர்களுக்கு இன்னும் ஒன்று பாக்கி. மையை முழுவதும் வெளியேற்றிவிட்டு, மூடியைப் போட்டு, கெட்டியான குழாய் ஒன்றுக்குள் மென்தாளில் சுற்றி ஆடாமல் வையுங்கள். மூடியை இறுக்கித் திருக வேண்டாம், பழைய மூடிகளின் உதடு விரிவது அங்கேதான். மைப்புட்டி சேர்த்து அனுப்புவதாக இருந்தால் தனிப் பொட்டலம் போடுங்கள்.